உழவர் கேள்வி: காலுக்கு அளவான பூட்ஸ் எது?

கேள்வி: மக்காச்சோளமும் பருத்தியும் மானாவாரியாகப் போடுகிறோம். பாம்புக்குப் பயந்து போன வருடம் வீட்டில் இரண்டு ஜோடி கம் பூட்ஸ் வாங்கினோம். குதிகால் உரசுகிறது, மழை பெய்தால் கரிசல் சேற்றில் கழன்று நின்றுவிடுகிறது என்று யாரும் போடுவதில்லை. களையெடுக்கப் போகும் பெண்களுக்கு அளவே கிடைப்பதில்லை. எப்படிப் பார்த்து வாங்குவது?
- ஒரு வாசகி, குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்

பதில்: பூட்ஸ் வாங்கியும் வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலுடன் இறங்குவது பல ஊர்களிலும் நடக்கிறது. பெரும்பாலும் இதற்குக் காரணம் சோம்பல் அல்ல, அளவு பொருந்தாததுதான். எவ்வளவு விலை உயர்ந்த பூட்ஸாக இருந்தாலும் காலில் இருந்தால்தான் காக்கும். ஆகவே விலையையும் பளபளப்பையும் பார்ப்பதற்கு முன் அளவைப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். பெரும்பாலோர் கிராமத்தினர். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் பாம்புக்கடி நஞ்சை, புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது. அதனால் மருத்துவமனைகள் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

வயலில் விழும் கடிகளில் பெரும்பாலானவை பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான். கண்ணாடி விரியன் மிதிபட்டாலோ காலுக்கு அருகில் நெருங்கினாலோ கடிக்கும். சுருட்டை விரியன் உருவில் சிறியது. முந்திரித் தோப்புச் சருகிலும் கல் வரப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். கெண்டைக்காலின் பாதி வரை மூடுகிற தடித்த பூட்ஸ், இந்த இடத்தைத்தான் மறைக்கிறது. முதல் மழை பெய்து, புல் முளைத்து, விதைப்பும் களையெடுப்பும் தொடங்கும் நாட்களில் மனிதக் காலும் பாம்பும் ஒரே இடத்தில் நடமாடுகின்றன. புரட்டாசிப் பட்டத்துக்கு விதை, உரம் வாங்கும்போதே பூட்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டியது இதனால்தான்.

அளவு எடுக்கும் முறை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே அளவு எடுத்துக்கொள்ளலாம். தரையில் ஒரு தாளை வைத்து, பூட்ஸோடு போடப்போகும் சாக்ஸை அணிந்து, முழு உடல் எடையும் காலில் இறங்கும்படி நின்று, பாதத்தைச் சுற்றி பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். இரண்டு காலுக்கும் தனித்தனியே எடுக்க வேண்டும். பலருக்கு ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். அளவெடுக்கச் சாயங்காலமே நல்ல நேரம். நாள் முழுக்க நின்று நடந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். காலையில் சரியாக இருந்த பூட்ஸ் மதியத்தில் இறுக்குவது இதனால்தான்.

குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் பெருவிரலே நீளமாக இருக்காது. சிலருக்கு இரண்டாம் விரல் நீளும். பூட்ஸின் உள்நீளம் இதைவிட ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். 7, 8 என்று அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஒரு கம்பெனியின் 8-ம் நம்பரும் இன்னொரு கம்பெனியின் 8-ம் நம்பரும் ஒன்றாக இருப்பதில்லை. பாதத்தின் வரைபடத்தைக் கத்தரித்து பூட்ஸுக்குள் விட்டுப் பார்த்தால், மடங்காமல் விரிந்து கிடக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைக்கு வர முடியாதவருக்கு வாங்கும்போது இந்தத் தாள் மிகவும் உதவும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

ஒன்று: பூட்ஸைப் போட்டுக்கொண்டு விரல்நுனி முன்பக்கம் தொடும்வரை காலை முன்னே தள்ள வேண்டும். அப்போது குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் நுழைந்தால் பெரிது. விரலே நுழையாவிட்டால் சிறிது.

இரண்டு: பத்து அடியாவது நடக்க வேண்டும். கம் பூட்ஸில் குதிகால் லேசாக எழும்புவது இயல்பு. நடக்கும்போதே பாதி கழன்றுவிட்டால் சேற்றில் நிச்சயம் நிற்காது. ஒவ்வொரு எட்டிலும் ஒரே இடத்தில் உரசினால் ஒரே நாளில் கொப்புளம் வரும்.

மூன்று: குந்தி உட்கார வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. முழங்கால் உயரத்துக்கு வரும் பூட்ஸ், குந்தும்போது முழங்காலின் பின்பக்கத்தில் குத்தும். நின்று வேலை செய்பவருக்கு, தண்ணீர் பாய்ச்சுபவருக்கு அந்த உயரம் நல்லது. குந்திக் களையெடுப்பவருக்குக் கெண்டைக்காலின் பாதி வரை வரும் உயரமே ஏற்றது. உயரம் குறைந்தாலும் நாள் முழுக்கக் காலில் இருக்கும் பூட்ஸுக்குத்தான் பலன் அதிகம்.

நான்கு: அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். சீமைக்கருவேல முள் மெல்லிய அடியைத் துளைத்துவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே குழிகிற அடி வேண்டாம். கரிசல் காட்டுக்கு, அடியில் உள்ள கட்டைகள் தள்ளித் தள்ளி இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் இடையில் மண் அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் இரண்டு கிலோ கனக்கும். செந்துறை, ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் கொல்லைக்கு இந்தக் கவலை குறைவு.

ஐந்து: பூட்ஸைக் கையால் மடக்கிப் பார்க்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் மெதுவாக வளையும், விலை கூடும். பி.வி.சி. பூட்ஸ் விலை குறைவு. ஆனால் வெயிலில் கிடந்தால் விறைத்து, மடிப்பில் வெடிக்கும். எதை வாங்கினாலும் நிழலில்தான் வைக்க வேண்டும்.

சிமென்ட் ஆலையிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் வேலை பார்ப்பவர்கள் கழித்த சேஃப்டி ஷூவை அரியலூர் பக்கம் வயலுக்குப் போடுவதுண்டு. வெறுங்காலைவிட அது மேல். ஆனால் அந்த ஷூ கணுக்காலோடு நின்றுவிடும், நனைந்தால் கனக்கும், இன்னொருவர் காலுக்குப் பழகியது. களத்துமேட்டு வேலைக்குப் போடலாம். மழைக்காலக் காட்டுக்கு ஆகாது.

பெண்களின் அளவு

கடைகளில் அடுக்கி வைத்திருப்பவை பெரும்பாலும் ஆண்கள் அளவு. வீட்டுக்காரரின் பூட்ஸுக்குள் துணியைத் திணித்துப் போடும் பெண்கள் இரண்டு நாளில் விட்டுவிடுகிறார்கள். களையெடுப்பும் கதிர் ஒடிப்பும் பருத்தி எடுப்பும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும்போது, காப்பு மட்டும் ஆண்களின் காலில் இருப்பது நியாயமில்லை. 4, 5, 6 நம்பர்களிலும் பூட்ஸ் தயாராகிறது. ஒன்றிரண்டு ஜோடிக்குக் கடைக்காரர் வரவழைக்கத் தயங்குவார். மகளிர் சுயஉதவிக் குழுவோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ இருபது பேரின் பாத வரைபடங்களைச் சேர்த்துக் கொடுத்தால், கடைக்காரர் மறுக்கமாட்டார். விலையும் குறைத்துக் கேட்கலாம்.

பூட்ஸ் கையைக் காக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். களைக்குள் கைவிடும் முன்னும், சோளத்தட்டைக் கட்டைத் தூக்கும் முன்னும் ஒரு கோலால் தட்டிக் கலைப்பது அவசியம். இரவில் தண்ணீர் கட்டப் போனால் பூட்ஸோடு டார்ச்சும் வேண்டும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் படுத்திருப்பவரைக் கடிப்பது. அதற்குக் கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும்தான் காப்பு.

திருமானூர், தா.பழூர் பக்கம் நடவு வயலின் உழைசேற்றில் கம் பூட்ஸ் புதைந்துகொள்ளும். அங்கே அதைப் போட்டு நடவு செய்ய முடியாது. ஆனால் வயலுக்குப் போகும் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும்தான் புல் அடர்ந்திருக்கும். அதுவரை பூட்ஸோடு போய், இறங்கும் இடத்தில் கழற்றி, ஏறியதும் போட்டுக்கொள்ளலாம்.

போடும் முன் ஒவ்வொரு முறையும் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்ட வேண்டும். தேள், பூரான், பாம்புக்குட்டி உள்ளே ஒதுங்கியிருக்கலாம். இரண்டு குச்சிகளை நட்டு, அதில் கவிழ்த்து மாட்டி வைத்தால் உலரவும் செய்யும்.

கேள்வி: மருந்து அடிக்கவும் இதே பூட்ஸைப் போடலாமா?
- ஒரு வாசகர், வேப்பந்தட்டை

பதில்: போடலாம், முறை வேறு. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த உழவர்கள் பலர் நஞ்சேறி இறந்தார்கள். அதே ஆண்டு பெரம்பலூர் மாவட்டத்திலும் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதும், உயிரிழப்பு நேர்ந்ததும் மறக்கக் கூடியதல்ல. 2018-ல் படைப்புழு வந்தபின் மக்காச்சோளத்திலும் மருந்தடிப்பு கூடிவிட்டது. தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு அடித்த பயிருக்குள்ளேயே முன்னேறி நடப்பவருக்கு அதிகம் நனைவது காலும் தொடையும்தான்.

பாம்புக்காக நடக்கும்போது பேன்ட்டை பூட்ஸுக்குள் விடலாம். மருந்தடிக்கும்போது பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே விட்டால், வழியும் மருந்து நேராகப் பாதத்தில் இறங்கி, மாலை வரை அங்கேயே ஊறும். தோல் ஷூவும், உள்ளே துணி ஒட்டிய பூட்ஸும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும், அவை ஆகாது. வெடிப்பு விட்ட பூட்ஸும் ஆகாது. வேலை முடிந்ததும் காலில் இருக்கும்போதே வெளிப்புறத்தை சோப்பு நீரால் கழுவி, பிறகு கழற்றி, உள்ளேயும் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். மருந்து உள்ளே சிந்திவிட்டால் அந்த நிமிடமே கழற்றிக் காலை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மருந்தடித்த பூட்ஸோடு வீட்டுக்குள் போகக் கூடாது.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பூட்ஸ் போட்டால் காலில் புண் வருமோ என்று பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகர், ஜெயங்கொண்டம்

பதில்: பயம் நியாயமானது. ஆனால் வெறுங்கால் அதைவிட ஆபத்து. சர்க்கரை நோய் நாளானவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். பூட்ஸ் உரசுவதும் முள் ஏறுவதும் தெரியாது. ஆகவே அவர் "சரியாக இருக்கிறது" என்று சொல்வதை மட்டும் நம்பாமல், தாளில் வரைந்த அளவைக் கொண்டு வாங்க வேண்டும். முன்பக்கம் அகலமாக இருக்க வேண்டும். உள்ளே தையலோ துருத்தலோ இருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுப் பழகலாம். பருத்தி சாக்ஸ் அணிந்து, நனைந்தால் மாற்ற வேண்டும். தினமும் மாலையில் வீட்டில் யாராவது அவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்த்துவிட வேண்டும். சிவந்திருந்தாலோ கொப்புளம் இருந்தாலோ, மறுநாள் அந்த பூட்ஸ் வேண்டாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கடி விழுந்துவிட்டால்

பூட்ஸ் போட்டவருக்கும் அதற்கு மேலே கடி விழலாம். அப்போது கடிபட்டவரை ஓடவோ நடக்கவோ விடக் கூடாது. பூட்ஸ், கொலுசு, மெட்டி, மோதிரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுவதற்குள் கழற்ற வேண்டும். காலை அசையாமல் ஒரு கட்டையோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டி, 108-ஐ அழைக்க வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது, பாம்பைத் தேடிப் பிடிப்பது எதுவும் வேண்டாம். பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, அருகில் எது இருக்கிறதோ அங்கே சேர்க்க வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டாலும் சிகிச்சை தொடங்க முடியும்.

விதை வாங்கப் போகும் அன்று, காட்டு வேலைக்குப் போகும் ஒவ்வொருவரின் பாத வரைபடமும் பையில் இருக்கட்டும். அம்மா, மருமகள், கூலிக்கு வருபவர் உட்பட.