ஐ.க்யூ. என்ற ஒரு நாள் பேலன்ஸ் ஷீட்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி சேத்துப்பட்டில் இறங்கினால், கொஞ்ச தூரத்தில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1794-ல் ஆரம்பித்தது. அந்த ஊர்ப் பெயரையே திட்டுவதற்குப் பயன்படுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மனநோய் வந்தால் புத்தி போய்விடும் என்கிற நினைப்புதான் காரணம்.

சரி, ஐ.க்யூ. டெஸ்ட் வைத்துப் பார்த்துவிடலாமே? அங்கேதான் சிக்கல்.

நியூயார்க் பெல்வியூ மனநல மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர், 1939-ல் பெரியவர்களுக்கான சோதனையை வெளியிட்டார். வயதாலும் நோயாலும் வரும் சரிவைப் பார்க்க, கேள்விகளை இரண்டாகப் பிரித்தார். சொல்லுக்குப் பொருள், பொது அறிவு போன்றவை தாக்குப்பிடிக்கும். எண்களைத் தலைகீழாகச் சொல்வது, கடிகாரம் வைத்துச் செய்யும் வேலை போன்றவை சரியும்.

ஏன்? முதலாவது பழைய சேமிப்பு. இரண்டாவதற்கு அன்றைய கவனமும் வேகமும் வேண்டும். காதில் குரல் கேட்டுக்கொண்டே இருப்பவர், ராத்திரி முழுக்கத் தூங்காதவர், மாத்திரை அசதியில் இருப்பவர்... இவர்களிடம் 7-4-1-9 என்று சொல்லிவிட்டுத் திருப்பிச் சொல் என்றால்? மனச்சோர்வில் இருப்பவர் விடை தெரிந்தும் "தெரியாது" என்று முடித்துக்கொள்வார். மார்க் குறையும். அதற்காக அவர் முட்டாள் ஆகிவிடுவாரா?

படிப்பு இன்னொரு தலைவலி. பள்ளிக்கூடமே போகாதவரிடம் பொது அறிவுக் கேள்வி கேட்டால், அளக்கப்படுவது பள்ளிக்கூடம்தான். இதைப் புரிந்துகொண்ட சி.எம்.பாட்டியா 1955-ல் கட்டை அடுக்குதல், படம் வரைதல் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் செய்யக்கூடிய சோதனைகளைத் தந்தார்.

பி.காம். படிக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். பேலன்ஸ் ஷீட் சொல்வது மார்ச் 31 அன்று இருந்த நிலையை. கம்பெனியின் தலையெழுத்தை அல்ல. வார்டில் எடுத்த ஐ.க்யூ.வும் அப்படித்தான்.

மனநோயால் வரும் ஊனத்தை அளக்க இந்தியாவில் பயன்படும் 'ஐடியாஸ்' அளவுகோல் ஐ.க்யூ. கேட்பதே இல்லை. தன்னைப் பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை செய்வது என்ற நான்கைப் பார்க்கிறது. நியாயமான கேள்விகள்.

ஐ.க்யூ. டெஸ்டே வேண்டாம் என்பதல்ல வாதம். எங்கே தடுமாறுகிறார் என்று கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் ரிப்போர்ட்டில் தேதியும், மருந்தும், படிப்பும் இருக்க வேண்டும். குணமான பிறகு மறுபடியும் பார்க்க வேண்டும். நோய் முற்றியிருந்த நாளில் எடுத்த ஒரு நம்பரைக் காட்டி ஒருவரின் வேலையையோ சொத்துரிமையையோ பறிப்பது, நஷ்டம் வந்த ஒரு வருடத்தை வைத்துக் கடையை இழுத்து மூடுவது போல.

என்ன சொல்கிறீர்கள்?