சூரிய ஒளியும் ஓர் அமானத்தே

கரியாலூரில் மழை வலுத்து மின்கம்பியில் மரம் சாய்ந்தால் ஊர் இருளில் மூழ்குகிறது. மின்வாரியத்தைக் குறை கூறுகிறோம். மின்சாரம் திரும்பியதும், தொழுகை முடிந்த பள்ளிவாசலில் ஆளின்றி மின்விசிறிகளைச் சுழலவிட்டு வெளியேறுகிறோம். உளூவின் நீரையும் வீணாக்கலாகாது என்று கற்ற நாம், இந்த இஸ்ராஃபை எண்ணிப் பார்ப்பதில்லை.

எரிசக்தி மாற்றத்தை அரசே செய்யட்டும் என்று இருந்துவிடலாகாது. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி, 2006இல் தன் சேமிப்போடு வங்கிக் கடனும் பெற்று 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. ஊர்த் தேவை போக எஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்று, அவ்வருவாயில் கடனை அடைத்தது. ஒரு சிற்றூராட்சிக்கு இயன்றது ஜமாஅத்துக்கு இயலாதா?

வரும் ஜும்ஆவுக்குப் பின் மஷூரா செய்வோம். பள்ளிவாசல் கூரையில் சூரிய மின்தகடு பதிக்க ஆகும் செலவையும், குறையும் மின்கட்டணத்தையும் எழுதிப் பார்ப்போம். மின்தடையிலும் விளக்கெரிய மின்கலம் வேண்டும். அதையும் கணக்கில் சேர்ப்போம். மிச்சமாகும் தொகை பைத்துல்மாலுக்குச் செல்லட்டும். அதிலிருந்து முதல் சூரிய விளக்கு, மலையில் இருளில் படிக்கும் பிள்ளைக்குச் சேரட்டும். அப்பிள்ளை எச்சமயத்தைச் சேர்ந்ததாயினும் நம் அண்டை வீட்டுப் பிள்ளையே. அல்லாஹ் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.