தண்ணீரை எண்ணிச் செலவழித்த நாட்கள்



அமெரிக்காவிலுள்ள என் தம்பியின் குடும்பத்தாருடன் 2023 ஜனவரியில் நானும் என் மனைவியும் நெவாடா, அரிசோனா மாநிலங்களின் வனாந்தரத்தினூடே ஒரு வாரம் பிரயாணம் செய்தோம். நாங்கள் சென்றது ஆர்.வி. எனப்படும் வாடகை வண்டியில். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிவறை யாவும் அதற்குள் அடக்கம். சக்கரத்தின்மேல் ஏற்றிய ஒரு சிறிய வீடு என்று சொல்லலாம்.

லாஸ் வேகாஸ் நகரிலிருந்து புறப்பட்டு முதலில் ஹூவர் அணையைக் கண்டோம். கொலராடோ ஆற்றை மறித்து 1930-களில் கட்டப்பட்ட அந்த அணைக்குப் பின்னே மீட் ஏரி விரிந்து கிடக்கிறது. கரைப்பாறைகளில் பல மாடி உயரத்திற்கு ஒரு வெண்மையான பட்டை. நீர் முன்பு நின்ற உயரத்தை அது காட்டுகிறது. 2022-ஆம் ஆண்டு கோடையில் அந்த ஏரி, முதன்முதல் நிரம்பிய காலத்திற்குப் பின் காணாத அளவிற்குத் தாழ்ந்துபோயிற்று. ஏழு மாநிலங்கள் 1922-இல் இந்த ஆற்றைப் பங்கிட்டு ஒப்பந்தம் செய்தபோது, ஆற்றில் உண்மையாய் ஓடும் நீரைவிட அதிகமாகக் கணக்கிட்டுவிட்டன. இல்லாத தண்ணீரைப் பங்கிட்டதன் பலனை நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அனுபவிக்கிறார்கள்.

அங்கிருந்து தெற்கே குவார்ட்ஸைட் என்னும் சிற்றூரை அடைந்தோம். வறண்ட நிலத்திற்கென்று 1850-களில் அமெரிக்க இராணுவம் ஒட்டகங்களை இறக்குமதி செய்தபோது அவற்றை நடத்த வந்த ஹாஜி அலி என்பவரின் கல்லறை அங்கே இருக்கிறது. கூர்ங்கோபுர வடிவில் கட்டி, உச்சியில் ஓர் ஒட்டக உருவத்தை வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வடபகுதிகளின் பனிக்குத் தப்பி வரும் முதியோர் இவ்வூரைச் சுற்றியுள்ள அரசு நிலங்களில் ஆயிரக்கணக்கான வண்டிகளில் தங்குகிறார்கள். நாங்களும் ஊரைவிட்டு விலகி, சகுவாரோ கள்ளிகளின் நடுவே வண்டியை நிறுத்தினோம். மழை பெய்கையில் ஆர்மோனியத்தின் துருத்தியைப்போல் மடிப்பு விரிந்து, நீரை உள்ளே சேர்த்துவைக்கும் கள்ளி அது. அது ஒரு கிளை விடுவதற்கே அநேகமாய் ஐம்பது, எழுபது ஆண்டுகள் செல்லும்.

எங்கள் வண்டியின் நல்ல தண்ணீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். ஐந்து பேர், மூன்று நாட்கள். கழுவிய நீருக்கு ஒரு தொட்டி, கழிவறைக்கு வேறொரு தொட்டி. அவை நிரம்பினால் அதற்கென்று குறித்த இடத்தில்தான் திறந்துவிட வேண்டும். நிலத்தில் ஊற்றுவது குற்றம். "பெரியப்பா, கையில் சோப்புப் போடும்போது குழாயை மூடிவிடுங்கள்" என்று தம்பி மகன் முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தான். விடியற்காலை நான்கு மணிக்குக் குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்று மும்பையில் வாழ்வைத் தொடங்கிய எனக்கா இதைச் சொல்லவேண்டும் என்று மனதிற்குள் நகைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் இரவு எழுந்து கை கழுவினேன். குழாயைச் சரியாய் மூடவில்லை. நகரத்தின் இரைச்சலில் உறங்கிப் பழகிய என் காதுகளுக்கு மோட்டார் ஓடும் சத்தம் எட்டவில்லை. காலையில் தொட்டி வெறுமையாயிருந்தது. குடிப்பதற்கு இரண்டு போத்தல்கள் மாத்திரம் மீதி. தம்பி தன் மகனைக் கடிந்துகொண்டான். "வண்டியைக் கவனிக்கிற பொறுப்பு உன்னுடையதுதானே?" பையன் தலைகுனிந்து நின்றான். செய்தவன் நான் என்று எனக்குத் தெரியும். ஆயினும் நான் வாய் திறக்கவில்லை. முப்பது ஆண்டுகளாய்ப் பிறருக்குப் போதித்தவன் ஒரு குழாயின் நிமித்தம் மௌனமாய் நின்றேன்.

அப்பொழுது சற்றுத் தொலைவில் தங்கியிருந்த வெள்ளைக்கார முதியவர் ஒருவர், நடந்ததை அறிந்து, இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேனைச் சுமந்துவந்தார். அவருடைய வண்டி எங்களுடையதைவிடச் சிறியது. பணம் கொடுக்க முயன்றபோது சிரித்து மறுத்து, அடுத்தமுறை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். துருத்தி வெறுமையான ஆகாரை அந்நேரம் நினைத்தேன். அந்நியர் தம் குறைவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நானோ என் பிள்ளைக்குச் சேரவேண்டிய ஒரு வார்த்தையைக் கொடாமல் வைத்திருந்தேன்.

எல்லாரையும் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். தம்பி தன் மகனின் தோளில் கைவைத்தான். பையனோ, "எனக்கு அப்பவே தெரியும் பெரியப்பா. ஆனாலும் ராத்திரி மோட்டார் சுவிட்சை அணைக்காமல் படுத்தது என் தப்புதான்" என்றான். எனக்காகவே அவன் ஏச்சைச் சுமந்திருக்கிறான்!

அந்த வாரத்தில் எத்தனையோ காட்சிகளைக் கண்டோம். ஆனால் நினைவில் நிற்பது அந்த வெறுந்தொட்டியே. தண்ணீர் குறைந்ததை அளவுமுள் காட்டிவிடும். உள்ளத்தில் உண்மை குறைவதைக் காட்ட அப்படிப்பட்ட முள் ஏதும் இல்லை. உங்கள் வீட்டில் உங்கள் தவறுக்காக யாரேனும் தலைகுனிந்து நிற்கிறார்களா? இன்றே அவர்களிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.