கொறங்காட்டில் குடியேறிய முள்

காங்கேயம், தாராபுரம் பகுதிகளில் விரிந்து கிடக்கும் மேய்ச்சல் நிலத்தைக் கொங்குநாட்டார் கொறங்காடு என்பர். சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே நிழலுக்கும் நெற்றுக்குமாக வெள்வேல் மரங்கள். மழையன்றி வேறு நீர் காணாத அந்நிலத்தில் மேய்ப்பாரின்றியே மாடு மேயும். காங்கேயக் காளையின் திமிலும் திறலும் அப்புல்லில் விளைந்தவை. உழவன் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து அமைத்த இவ்வொழுங்கை எக்கல்லூரியும் அவனுக்குக் கற்பிக்கவில்லை.

இன்றோ, வேலி தளர்ந்த இடமெல்லாம் சீமைக் கருவேல் நிற்கின்றது. 1877-இல் ஆங்கிலேயர் சமைக்காத் தீவிலிருந்து வித்துக் கொணர்ந்து, விறகுக்கென்று அன்றைய சென்னை மாகாணத்துக் கடப்பைப் பகுதியில் ஊன்றிய மரம் அது. ‘சீமை’ என்று அடைகொடுத்து அழைத்த நம் மக்கள் அஃது அயலதென்பதை அறிந்தே இருந்தனர். நொய்யற் படுகையிலும், அமராவதி எனப் பெயர்மாறிய ஆன்பொருநைக் கரையிலும், வெளிமான் மேயும் மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அது பரவிவிட்டது. ஆடுமாடுகள் அதன் நெற்றை விரும்பித் தின்கின்றன. செரியாத வித்துச் சாணத்தோடு விழுந்து அடுத்த காட்டில் முளைக்கின்றது. நம் மாட்டைக் கொண்டே நம் மேய்ச்சலை அழிக்கின்றது! அதன் நெருக்கத்தின்கீழ்ப் புல் எழுவதில்லை. புல் போனால் காடையும் கவுதாரியும் எங்கே முட்டையிடும்?

அயலது என்பதனாலேயே நாம் ஒன்றைப் பழிப்பதில்லை. மிளகாயும் நிலக்கடலையும் கடல்கடந்து வந்தவையே. அவை விதைத்த பாத்தியில் நின்றன. வேலி தாண்டிவந்து வெள்வேலின் இடத்தைக் கேட்கவில்லை. இது கேட்கின்றது.

2017-இல் உயர் அறமன்றத்தின் மதுரைக் கிளை இம்மரத்தை அகற்ற ஆணையிட்டது. 2022-இல் தமிழக அரசு அயற்செடிகளை அகற்றிக் காட்டை மீட்கக் கொள்கையே வகுத்தது. நன்று. ஆயின், வெட்டிய அடிக்கட்டை அடுத்த மழைக்கே தழைக்கின்றது. தூரோடு பெயர்த்த இடத்திலும் மண்ணில் உறங்கிய வித்து எழுகின்றது. வெறுமையாக விட்ட நிலம் மீண்டும் அதற்கே உரியதாகின்றது. இதன் விறகையும் கரியையும் நம்பி வாழும் ஏழையரும் உளர். அவர்க்கு வழிகாட்டாமல் வெட்டுவதும் முறையன்று.

அண்மையில் என் மாணவரிடம் வெள்வேலைக் காட்டச் சொன்னேன். உழவர் வீட்டுப் பிள்ளைகள்தாம்; அனைவரும் பள்ளி மதிலருகே நின்ற சீமைக் கருவேலையே காட்டினர். சொல்லைக் காக்க முனைந்த நாம், சொல்லுக்குரிய மரத்தைக் காவாது விட்டோம்.

வரும் ஐப்பசி மழைக்குமுன் அன்பர்கள் தத்தம் ஊரில் ஒரு கொறங்காட்டையேனும் தேர்ந்து, முள்ளைத் தூரோடு பெயர்த்து, அவ்விடத்திலேயே கொழுக்கட்டைப்புல் வித்தைத் தூவுக. கிளுவைக் கழிகளை வேலியாக ஊன்றுக. வெள்வேல் நெற்றுக்கு ஊரிலுள்ள முதிய மரத்தைத் தேடிச் செல்க. புல் வேரூன்றும்வரை மாட்டை உள்ளே விடவேண்டா.