அகால மரணம் என்று எழுதியவன் நான்

எங்க தாத்தாவுக்கு ஊர் கொடுத்திருந்த வேலைகளில் ஒன்று எழவு சேதி சொல்வது. ஊர்த்தெருவில் யார் செத்தாலும் பொழுது பார்க்காமல் நடக்க வேண்டும். உறவுக்காரர் வாசலுக்கு வெளியே நின்று, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, ‘பெரியவரு தவறிட்டாருங்க’ என்று சொல்ல வேண்டும். ‘செத்துட்டாரு’ என்று சொல்லிவிட்டால் அடி விழும். அதே தாத்தா செத்தபோது ஊர்த்தெருவில் பேசிக்கொண்டது: ‘கெழவன் செத்துட்டானாம்’. டீக்கடையில் மட்டுமல்ல, சாவிலும் இரட்டைக் குவளை இருந்தது.

ஆனால் ஒன்று. போன இடத்தில் ‘எப்படிடா?’ என்று கேட்பார்கள். பாம்பு கடிச்சிதா, கெணத்துல விழுந்தாரா, வயசாகிப் போனாரா என்பதற்குப் பதில் தெரிந்துகொள்ளாமல் தாத்தா கிளம்ப மாட்டாராம். எப்படி என்று சொல்லாவிட்டால் அது சேதியே இல்லை என்பார் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அவர் பேரன் நான். பட்டதாரி, வங்கியில் எழுத்தர், கவிதையும் எழுதுகிறவன். அதனால் காலனியில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதுவது என் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பெரியப்பா மகன், என் அண்ணன், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்கில் இறங்கி செத்துப்போனார். போஸ்டருக்கு எழுதிக் கொடுத்தேன்: ‘அகால மரணமடைந்த எங்கள் அன்பு அண்ணனுக்கு’. அச்சகக்காரர் போனில் கேட்டார். ‘எப்படின்னு போடணுமா சார்?’ வேண்டாம் என்றேன்.

ஏன் வேண்டாம்? அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் அசிங்கம் என்று அன்றைக்குச் சொன்னேன். பொய். அசிங்கப்பட்டவன் நான். பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டுகிற போஸ்டர், வங்கியில் கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள். மலக்குழியில் செத்தவனுடைய தம்பி கவுண்டரில் உட்கார்ந்து நமக்குப் பணம் எண்ணித் தருகிறான் என்று நினைப்பார்கள். அந்த நினைப்புக்குப் பயந்து அண்ணனின் சாவை மறைத்தேன்.

ஒரு மாசம் கழித்து அண்ணி என் கவுண்டருக்கே வந்தார். கையில் இறப்புச் சான்றிதழ். அண்ணன் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டிருந்த விபத்துக் காப்பீடு இருந்தது. விபத்தில் செத்தால் 2 லட்சம். ஆனால் விபத்து என்று காட்ட முதல் தகவல் அறிக்கை வேண்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். இறப்புச் சான்றிதழ் போதாது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி அந்தச் சான்றிதழில் சாவின் காரணம் இருக்கவும் இருக்காது. காவல் நிலையத் தாளில் இருந்தது இவ்வளவுதான்: ‘வேலையிடத்தில் நெஞ்சு வலியால் மயங்கி விழுந்து இறந்தார்.’ டேங்க் என்ற சொல்லே இல்லை. அண்ணியிடம் கைநாட்டு வாங்கியிருந்தார்கள்.

சண்டைக்குப் போனோம். கான்ட்ராக்டர் தன் செல்போனை எடுத்து எங்கள் போஸ்டரைக் காட்டினார். ‘உங்க ஆளுங்களே அகால மரணம்னுதானே போட்டிருக்கீங்க? டேங்க்ல செத்தாருன்னு எங்க போட்டீங்க?’ நான் வாயைத் திறக்கவில்லை. அது என் வாசகம்.

தோழர்களே, இது வெறும் 2 லட்ச ரூபாய் சமாச்சாரம் இல்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு இல்லாமல் ஒரு மனிதனை மலக்குழியில் இறக்குவது குற்றம். 1993 முதல் இப்படிச் செத்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. மலக்குழியில் செத்தார் என்று தாளில் இருந்தால்தான் சட்டம் அசையும். நெஞ்சு வலி என்று எழுதிவிட்டால் இழப்பீடும் இல்லை, வழக்கும் இல்லை, குற்றவாளியும் இல்லை.

பத்திரிகைக்காரர்கள் மலக்குழியை மறைப்பதில்லை. அவர்கள் மறைப்பது ஆளை. ‘விஷவாயு தாக்கி பலி’ என்று எழுதுகிறார்கள். வாயு என்ன பதுங்கியிருந்தா தாக்கியது? மூடியைத் திறந்தவன், கயிறோ முகமூடியோ கொடுக்காமல் இறங்கு என்றவன், குறைந்த கூலிக்கு ஆள் பிடித்தவன், ஒருத்தனுக்கும் அந்த வாக்கியத்தில் இடம் இல்லை. எழுவாய் வாயு, கொலைகாரனும் வாயு. வாயுவைக் கைது செய்ய முடியுமா?

அரசாங்கத்துக்கும் இந்த இலக்கணம் தெரியும். கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021இல் மாநிலங்களவையில் பதில் சொன்னார்கள். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் செத்தவர்களின் கணக்கு வேறு தலைப்பில் தனியாக இருக்கிறது. பேரை மாற்றினால் பிணம் மறைந்துவிடும்! 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். விசாரணை ஆணையமோ பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. நீரில்தான் மூழ்கினார்கள், யார் இல்லையென்றது? எதற்காக ஆற்றுக்குள் ஓடினார்கள் என்பதுதான் கேள்வி.

செத்தவரை மரியாதையாகச் சொல்ல வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எங்க தாத்தாவுக்குக் கிடைக்காத ‘காலமானார்’ என் அண்ணனுக்குக் கிடைக்கட்டும். அம்பேத்கரின் மறைவைப் பரிநிர்வாணம் என்கிறோம், அது நாம் தருகிற மரியாதை. மரியாதைச் சொல் வேறு, மறைப்புச் சொல் வேறு. முன்னது செத்தவருக்கு, பின்னது சாகடித்தவனுக்கு.

தூக்கில் தொங்கிய பெண்ணின் கதையை எல்லாம் சுவரில் ஒட்ட வேண்டுமா என்ற கேள்வியும் நியாயமானது. ஒரு குடும்பத்தின் அந்தரங்கத் துயரத்தைக் கடைவீதிக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. வீட்டார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் நான் அண்ணியைக் கேட்கவே இல்லை. அவருக்காக நானே வெட்கப்பட்டு முடித்துவிட்டேன்.

சொல்லை மாற்ற முடியாது என்று நினைக்காதீர்கள். ‘கௌரவக் கொலை’ என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்ததை ‘ஆணவக் கொலை’ என்று எழுத வைத்தது இயக்கங்கள்தான். 2016 ஜனவரியில் ரோகித் வெமுலா இறந்தபோது வெறும் தற்கொலை என்று விட மறுத்து, நிறுவனக் கொலை என்று தெருவில் நின்று கத்தியவர்கள் மாணவர்கள்.

நம் பத்திரிகைகளின் அஞ்சலிக் குறிப்புகளிலும் ‘எதிர்பாராத மறைவு’, ‘திடீர் மரணம்’ வந்துகொண்டுதான் இருக்கின்றன. இனி எழுதுகிறவர்கள் நாலு கேள்வி கேளுங்கள். எங்கே செத்தார்? எதனால்? யார் அனுப்பினார்கள்? காவல் நிலையத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? கடைசிக் கேள்வியை எரிக்கிறதுக்கும் புதைக்கிறதுக்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். படிக்காத அக்காக்களிடம் கைநாட்டு வாங்கும்போது படித்த நாம் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அண்ணன் வழக்கு இன்னும் நடக்கிறது. மூன்றாம் வருஷ நினைவு நாளுக்குப் போஸ்டர் எழுத அண்ணியிடம் போய்க் கேட்டேன். ‘குழியில எறக்கிக் கொன்னானுவன்னு எழுது தம்பி. அதானே நடந்துச்சு’ என்றார். எழுதிக் கொடுத்தேன். அச்சகக்காரர் இந்தத் தடவை போன் பண்ணவில்லை. எங்கள் வங்கி இருக்கும் தெருவிலும் நாலு ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.