ஒரு பெருவிரல் ரேகை

நமது பள்ளிக்கூடத்தில் வாசிக்கும் ஒரு பையனுடைய தகப்பனார் கொத்தனார். மூன்றாவது மாடியில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது சாரத்தின் கயிறு அறுந்து, கீழே விழுந்து இறந்துபோனார். வயது 40. பதினாறாம் நாள் காரியம் ஆவதற்கு முன்பே காண்டிராக்டரின் ஆள் ஒருவர், சில ஆயிரம் ரூபாயும் ஒரு முத்திரைத் தாளுமாக வந்து சேர்ந்தார்.

"வாத்தியாரையா, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று அந்த அம்மாள் நம்மிடம் நீட்டினாள். 'மேற்படி தொகையைப் பூரண நஷ்டஈடாகப் பெற்றுக்கொண்டேன். இனி யாதொரு பாத்தியதையும் கோரமாட்டேன்' என்று எழுதியிருந்தது. நாம் உரக்க வாசித்தோம். வந்தவரும் மரியாதையாகப் பேசினார். "வைக்கலாம் அம்மா" என்று சொல்லிவிட்டோம். அவள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தாள்.

சட்டத்தைப் புரட்டிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். பி.ஏ. பட்டம் பெற்ற நாம் அதை முன்னாலேயே செய்திருக்கலாம்.

இத்தேசத்தில் 1923-ம் வருஷத்திலேயே தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் ஏற்பட்டுவிட்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதன் ஸ்தானத்தை ஏற்றுக்கொண்டது. ஆயினும் மூல விதிகள் மாறவில்லை. வேலையின் காரணமாகவும் வேலை நேரத்திலும் விபத்து நேர்ந்ததென்று காட்டினால் போதும். முதலாளியின் குற்றத்தை ருசுப்படுத்த வேண்டியதில்லை. "அவன் என் ஆளல்ல, மேஸ்திரியின் ஆள்" என்று கட்டடத் தொழில் நடத்துகிறவர் கையை விரிக்கவும் முடியாது. வேலையைக் கீழ்க் காண்டிராக்டரிடம் விட்டிருந்தாலும் நஷ்டஈட்டுப் பொறுப்பு அவரையும் சாரும்.

தொகை எவ்வளவு? மாதக் கூலியில் பாதியை, வயதுக்குத் தக்கபடி அட்டவணையில் கண்ட எண்ணால் பெருக்க வேண்டும். 40 வயதுக்கு அந்த எண் 184.17. மாதக் கூலி 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 9,20,850 ரூபாய் ஆகிறது. நாம் வாசித்துக் காட்டிய தாளில் இருந்ததோ சில ஆயிரம்!

இனி அந்தத் தாளின் யோக்கியதையைக் கேளுங்கள். இறந்தவருக்குரிய நஷ்டஈட்டைக் குடும்பத்தாரிடம் நேரே கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. அதற்கென்று ஏற்பட்ட அதிகாரியிடம் கட்ட வேண்டும். அவரே உரியவர்களுக்குப் பங்கிடுவார். நேரில் கொடுக்கலாவது மூன்று மாதக் கூலி வரையில் முன்பணமே. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆகவே, அந்த ரேகையால் அவளுடைய உரிமை போய்விடவில்லை. ஆனால் இது தெரியாமல் எத்தனை பேர் அத்தோடு வாயை மூடிக்கொண்டார்களோ!

உயிர் தப்பி அங்கம் இழந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1968-ம் வருஷம் ஒரிஸ்ஸாவின் ஜெய்ப்பூரில் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்த தச்சர் ஒருவர் விழுந்து இடது கையை இழந்தார். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆதலால் அவர் அந்தத் தொழிலுக்கு முழுவதும் சக்தியற்றவர் என்று 1975-ல் தீர்ப்பாயிற்று. நஷ்டஈடு விபத்து நடந்த அன்றைக்கே கடன்பட்டதாகும் என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். வாதாடிய தொகை 9,800 ரூபாய். காத்திருந்தது ஏழு வருஷம்.

விபத்திலிருந்து இரண்டு வருஷத்திற்குள் மனுச் செய்துகொள்ள வேண்டும். போலீஸ் முதல் தகவல் அறிக்கை, பிரேத பரிசோதனைச் சான்று, கூடவே வேலை செய்தவர்களின் சாட்சியம், கூலி விவரம் ஆகியவற்றைத் தாமதமின்றிச் சேகரிப்பது நல்லது. அந்த அம்மாளின் மனுவை நாமே எழுதிக் கொடுத்தோம். விசாரணை இன்னும் முடியவில்லை.

நேயர்களே, நாம் குடியிருக்கும் வீட்டையும் யாரோ ஒருவர் சாரத்தில் நின்றுதான் பூசிக் கொடுத்திருக்கிறார். அவர் வீட்டார் என்றாவது ஒரு தாளை வாசித்துச் சொல்லும்படி உங்களிடம் கொண்டு வந்தால், வாசிப்பதோடு நிறுத்தாதீர்கள். "பணத்தை அதிகாரியிடம் கட்டட்டும், அம்மா, நீ ரேகை வைக்காதே" என்று சொல்லுங்கள். நாம் சொல்லத் தவறியது அதுதான்.