விலைச்சீட்டில் இல்லாத விலை

கடல்கடந்த நாட்டுக் கடையொன்றிலிருந்து ஒரு பொருளைத் தருவிக்க இன்று எவரும் கொழும்புக்குக்கூடப் போகவேண்டியதில்லை. கைத்தொலைபேசியின் திரையில் விரலை வைத்தாற் போதும். சீனத்திலிருந்தும் சீமையிலிருந்தும் பொதிகள் மன்னாருக்கும் மட்டக்களப்புக்கும் வந்து சேர்கின்றன. இவ்வசதியை நாம் குறைகூற முற்படவில்லை. தலைநகரில் எளிதாகக் கிடைக்கும் பல பொருள்கள் எட்டிப்பாராத ஊர்களில் வாழும் மக்களுக்கு இஃது ஆடம்பரமுமன்று. ஆனால், திரையில் தோன்றும் விலை ஒன்று. பொருள் வாசலை வந்தடையும்போது கைவிட்டுப் போயிருக்கும் பணம் வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொகை எவ்வளவு என்பதை வாங்குபவனுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் கடமை யாருடையது? இதுவே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 40 டொலர் விலையுள்ள ஒரு கைப்பை. அதனை அனுப்பும் செலவு 10 டொலர். கணக்கு இலகுவாக இருக்கும்பொருட்டு டொலரொன்றை 300 ரூபாவென்று கொள்வோம். பையின் விலை 12,000 ரூபா. அனுப்புசெலவுடன் 15,000 ரூபா. சுங்கத் திணைக்களம் பொருளின் விலைக்கு மட்டும் தீர்வை விதிப்பதில்லை. விலை, காப்புறுதி, ஏற்றுகூலி ஆகிய மூன்றையும் சேர்த்தே பெறுமதியைக் கணிக்கின்றது. ஆகவே, பொருளை ஏற்றிவந்த கூலிக்கும் நாம் தீர்வை கட்டுகின்றோம். தீர்வை நூற்றுக்கு 20 என்று வைத்துக்கொண்டால் 3,000 ரூபா ஆகின்றது. (பொருளுக்குப் பொருள் இது வேறுபடும், வேறு அறவீடுகள் சேர்வதுமுண்டு. அவற்றையெல்லாம் இங்கே விட்டுவிடுகின்றோம்.)

அடுத்து வருவது பெறுமதி சேர் வரி. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நூற்றுக்கு 8 ஆக இருந்த இவ்வரி, அவ்வாண்டிலேயே 12 ஆகவும் பின்னர் 15 ஆகவும் உயர்ந்து, 2024 சனவரி முதலாந் திகதி தொடக்கம் 18 ஆயிற்று. பதினெட்டு என்றவுடன் 15,000 ரூபாவுக்கு 2,700 ரூபா என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. இறக்குமதிப் பொருளுக்கு இவ்வரியைக் கணிக்கும்போது, முதலில் சுங்கப் பெறுமதியோடு அதன் பத்திலொரு பங்கைக் கூட்டவேண்டுமென்பது சட்டம். அந்தப் பத்திலொரு பங்கை வாங்குபவன் எவருக்கும் கொடுக்கவில்லை. எந்தக் கடையும் பெறவில்லை. ஏட்டில் மாத்திரம் பிறந்து, வரியை மாத்திரம் ஈன்றுவிட்டு மறையும் தொகை அது! அதன்மேல் தீர்வையும் கூட்டப்படுகின்றது. 15,000, அதனோடு 1,500, அதனோடு 3,000. ஆக 19,500 ரூபாவுக்கே நூற்றுக்கு 18 வீதமாக 3,510 ரூபா அறவிடப்படுகின்றது. 2022 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி, நூற்றுக்கு இரண்டரையாக, அதே அடிப்படையில் இன்னும் 487 ரூபா 50 சதத்தைக் கேட்கின்றது.

மொத்தம் 6,997 ரூபா 50 சதம். பன்னிரண்டாயிரம் ரூபாப் பைக்கு ஏழாயிரம் ரூபா வரி! பொதியைக் கொண்டுவரும் நிறுவனம் தீர்வையை முன்னின்று கட்டியமைக்காகவும் பத்திரம் தயாரித்தமைக்காகவும் வேறாகக் கட்டணம் கேட்கலாம். கேட்டபின் மறுக்க வழியேது? விலை கொடுத்தாகிவிட்டது, பொருளோ அவர்கள் கையில்.

வரியே கூடாதென்று நாம் வாதிடவில்லை. யாழ்ப்பாணத்துப் பெருந்தெருவிலே கடை வைத்திருப்பவர் வாடகையும் கூலியும் வரியும் கொடுத்து வியாபாரம் செய்கையில், வெளிநாட்டுப் பொதி மட்டும் வரியின்றி உட்புகுவது நியாயமாகாது. 2022 ஏப்பிரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று கைவிரித்த அரசாங்கத்துக்கு வருவாய் தேவை என்பதையும் அறிவோம். விதிக்கும் வரியை வெளிச்சத்தில் வைத்து விதிக்கட்டும் என்பதே எமது வாதம். நூற்றுக்கு 18 என்று பெயரிட்டு, பொருளின் விலையிலே நூற்றுக்கு 29க்கு மேல் வாங்குவதற்கு நேர்மையான பெயர் எது?

அரசாங்கத்தின் பங்கு இவ்வாறிருக்க, வங்கிகளின் பங்கு இன்னும் நுட்பமானது. டொலரில் விலை குறிக்கப்பட்ட பொருளுக்கு அட்டையாற் பணம் செலுத்தினால், அட்டை வலையமைப்பின் மாற்றுவீதம் ஒன்றிருக்க, அதன்மேல் வங்கி தன் பங்காக நூற்றுக்கு இரண்டோ மூன்றோ அதற்கு மேலுமோ கூட்டிக்கொள்கின்றது. கடன் அட்டையாயின் முத்திரைத் தீர்வையும் சேர்வதுண்டு. மாத முடிவில் வரும் கணக்குக்கூற்றிலோ ஒரேயொரு ரூபாத் தொகை நிற்கும். எது மாற்றுவீதம், எது வங்கியின் இலாபம், எது அரசின் தீர்வை என்று அதிலிருந்து பிரித்தறியப் பலரால் இயலுவதில்லை.

முதியோர் சிலருக்கு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் நினைவிருக்கும். 1967 நவம்பரில் டொலரொன்று 4 ரூபா 76 சதத்திலிருந்து 5 ரூபா 95 சதமாக உயர, அதுவும் போதாதென்று 1968 மே மாதத்தில் அரசாங்கம் அந்நியச் செலாவணிக்கு இரண்டாவது விலையொன்றை விதித்தது. அத்தியாவசியப் பொருள்களுக்கு ஒரு விலை. ஏனையவற்றுக்கு அதன்மேல் நூற்றுக்கு 44 கூடுதல். பின்னர் அது 55 ஆகவும் 65 ஆகவும் ஏறி, 1977 நவம்பரில் ஒழிந்தது. அம்முறையைப் புகழ நாம் வரவில்லை; அதனால் அல்லற்பட்ட சிறு வணிகர் பலர். எனினும், அதிலே ஒரு நேர்மை இருந்தது. நூற்றுக்கு எத்தனை என்பதை நாடறியும், பத்திரிகையில் வெளிவரும், பாராளுமன்றத்தில் அதைப்பற்றிச் சண்டையிடலாம். இன்றோ ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஓர் இரண்டாவது விலையை வைத்துக்கொண்டிருக்கின்றது. அதைப்பற்றிப் பாராளுமன்றத்தில் ஒரு கேள்விதானும் கேட்பாரைக் காணோம்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒரு பொறியைக் கவனிக்கவேண்டும். சில வெளிநாட்டுக் கடைகள், இலங்கை ரூபாவிலேயே செலுத்தலாம் என்று பரிவோடு அழைக்கும். சொந்த நாணயமாயிற்றே, தொகையும் தெரிந்துவிடுகின்றதே என்று பலர் அதனை ஏற்பர். அங்கே மாற்றுவீதத்தைத் தீர்மானிப்பது வாங்குபவனின் வங்கியன்று. விற்பவனும் அவனுடைய கொடுப்பனவு நிறுவனமும். அவ்வீதம் பெரும்பாலும் வங்கியின் வீதத்திலும் மோசமானது. கடை வெளிநாட்டிலே பதியப்பட்டது என்ற காரணத்தால், ரூபாவிற் செலுத்தியும் வெளிநாட்டுக் கட்டணத்தைத் தனியே அறவிடும் வங்கிகளும் உள. ஒரே பொதிக்கு இரண்டு சுமை!

நாளும் ஒரு சூதாட்டமே. கட்டளையிட்ட நாளின் மாற்றுவீதமன்று, கணக்கிற் பதியப்படும் நாளின் வீதமே பொதுவாக இறுதியானது. 2022 மார்ச் 7ஆந் திகதி மத்திய வங்கி ரூபாவைத் தளரவிட்டபோது டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது; மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. அக்காலத்தில் சில நாள் தாமதம் எத்தனை ரூபாவைத் தின்றிருக்கும் என்பதை எவரும் கணித்துக்கொள்ளலாம். சுங்கமோ, வாரந்தோறும் தான் வெளியிடும் மாற்றுவீதத்திலே பெறுமதியைக் கணிக்கின்றது. ஆக, ஒரே பொதியின் டொலருக்கு வங்கியில் ஒரு விலை, சுங்கத்தில் ஒரு விலை. பொருள் பிடிக்கவில்லையென்று திருப்பியனுப்பினாலோ பணம் மூன்றாவது வீதத்தில் திரும்பும். வங்கி முன்பு எடுத்த பங்கு திரும்பாமலும் போகலாம்.

இவற்றை வெளிப்படுத்துவது நடவாத காரியமா? அவுஸ்திரேலியா 2018 யூலை முதல், 1,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேற்படாத பொருள்களுக்கான வரியை விற்பவரே விற்பனையின்போது வாங்கிச் செலுத்தவேண்டுமென விதித்தது. பிரித்தானியா 2021 சனவரி முதல் 135 பவுணுக்கு உட்பட்ட பொதிகளுக்கு அவ்வாறே செய்தது. அங்கெல்லாம் வாங்குபவன் வரியைப் பணம் செலுத்துமுன் காண்கின்றான். வாசலில் வந்துநிற்கும் பொதிகாரனிடமன்று. ஐரோப்பிய ஒன்றியமோ 2020 ஏப்பிரில் 19 முதல், தன் நாடுகளின் நாணயங்களுக்கிடையிலான அட்டைக் கொடுப்பனவுகளில், ஐரோப்பிய மத்திய வங்கியின் வீதத்துக்கு மேலே நூற்றுக்கு எவ்வளவு கூட்டப்படுகின்றது என்பதை வெளியிடவேண்டுமெனக் கட்டளையிட்டிருக்கின்றது. அங்குள்ள வங்கிகள் அதனால் மூடப்பட்டுவிடவில்லை.

எம்மவரைப் பொறுத்தமட்டில் இன்னுமொரு திரை உண்டு. பொதி வந்துவிட்டதென்று வரும் செய்தி எம்மொழியில் வருகின்றதா? வங்கியின் கட்டண அட்டவணை எம்மொழியில் கிடைக்கின்றதா? 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தமிழனை அவன் நாட்டுக் காரியாலயத்திலேயே ஊமையாக்கிற்று. 1987இல் வந்த பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டுமென்று அரசியலமைப்பில் எழுதிற்று. எழுதிப் பல ஆண்டுகள் கழிந்தும், வரிக் கணக்கொன்றை வாசித்துக் காட்டும்படி கிளிநொச்சித் தாயொருத்தி அயல்வீட்டுப் பிள்ளையை அழைக்கும் நிலை நீடிக்குமானால், அவ்வெழுத்தால் அவளுக்கு ஆன பயன் யாது? கணக்கை விளங்காதவள் அதிலுள்ள பிழையை எவ்வாறு ஆட்சேபிப்பாள்?

வரவு செலவுத் திட்ட விவாதம் வரும்போது எமது உறுப்பினர்கள் இவ்விடயத்தைக் கையிலெடுக்கவேண்டும். இறக்குமதி வரிக்காகக் கூட்டப்படும் அந்தப் பத்திலொரு பங்கு இணையவழிச் சிறு பொதிகளுக்கும் ஏன் என்று நிதியமைச்சரைக் கேட்கட்டும். அட்டையாற் செலுத்தப்படும் ஒவ்வொரு வெளிநாட்டுத் தொகைக்கும் மாற்றுவீதம், வங்கியின் பங்கு, அரசின் தீர்வை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளிற் காட்டுமாறு மத்திய வங்கி பணிக்குமா என்றும் கேட்கட்டும். சுங்கத்தின் கணிப்புப் பத்திரம் தமிழில் எந்தத் திகதி முதல் வழங்கப்படும் என்பதற்கும் திகதியோடு கூடிய விடையைப் பெறட்டும்.